அம்மாவின் பேரில் நிற்கும் லயக்காம்பரா: இளைஞர் வெளியேற்றம் குறித்து ஒரு கேள்வி

நோர்வூட் ஆசிரியை:

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டச் சந்தியில் நின்றால் ஓர் ஊரே புறப்பட்டுப் போவதைப் பார்க்கலாம். ஹட்டன் வரை ஆட்டோவில் போய் அங்கிருந்து கொழும்பு பஸ் பிடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் என்னிடம் படித்தவர்கள். தோளில் பை தொங்கும். கையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொதி இருக்கும். ஒரு வாரமாக லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் நிறைந்திருந்த சத்தம் அன்றோடு அடங்கிவிடும். அடுத்த தைப்பொங்கலுக்கோ, கோயில் திருவிழாவுக்கோதான் மறுபடி கேட்கும்.

இந்த வெளியேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பளம் பெரிய காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தோட்டத் தொழிலாளர் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு அது 2021இல் கிடைத்தது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது. 2024இல் அது 1350 ஆனது. ஆனால் என் வகுப்பில் இருந்து போன பிள்ளைகளின் வீடுகளுக்குள் நான் பார்ப்பது வேறொன்று. போனவன் போய்விட்டான், அவனுடைய அம்மா மட்டும் முழங்கால் வலியோடு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறார். மகன் அனுப்பும் காசில் வீட்டுச் செலவு நடக்கிறது, ஆகவே அவர் வேலைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. இருந்தும் போகிறார், ஏனென்றால் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்திருக்காவிட்டால், நிர்வாகத்துக்குச் சொந்தமான லயக்காம்பராவைத் திருப்பிக் கேட்கும் பேச்சு எழும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஒரு பெண் தன் கடைசி உடல் வலுவையும் கொடுப்பதும், அதே அறையில் தனக்கு இடமில்லை என்று அவருடைய மகன் போவதும் ஒரே விடயத்தின் இரண்டு பக்கங்கள் என்றே நான் கருதுகிறேன். பிள்ளைகள் போகக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் திரும்பி வருவதற்கு ஏன் ஒன்றுமே இல்லை என்பதைத்தான் கேட்கிறேன். இங்கே பல இடங்களில் இருந்தும் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த விடியற்காலை பஸ்ஸில் பதினேழு வயதில் ஏறியவன் நான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போனது, அடுத்த வாரமே கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடைக்கு வந்துவிட்டேன். சாப்பாடும் படுக்க இடமும் முதலாளி தருவதால் சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடிகிறது என்பது உண்மைதான்.

இருந்தாலும் நான் போனது சம்பளத்துக்காக மட்டும் என்று சொன்னால் பாதியைத்தான் சொன்னவனாவேன். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு கவ்வாத்து வெட்ட (தேயிலைச் செடியைக் கத்தரிக்க) போனபோது ஒருநாள் பிரட்டுக்களத்துக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) பத்து நிமிடம் பிந்திப் போனோம். ஐம்பது வயது மனிதரை, என் வயதுக்குச் சற்று மூத்த ஒருவர் எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசித் திருப்பி அனுப்பினார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கத்தியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அம்மாவின் கொழுந்து சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். மழையோ, அட்டைக்கடியோ, காய்ச்சலோ காரணமாகாது. அந்த நிறுவையின் முன்னால் நானும் ஒருநாள் நிற்கவேண்டும் என்று நினைக்கவே எனக்கு முடியவில்லை.

இங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நியமனக் கடிதம் கிடையாது, சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கிடையாது, காலை எட்டு மணிக்கு ஏறிய கால் இரவு எட்டரைக்குத்தான் இறங்கும். முப்பத்தைந்து வயதைக் கடந்த கடைப்பையன் ஒருவரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் கேட்கும் கேள்வி எனக்கும் கேள்வியானது.

பசறை வெளிக்கள உத்தியோகத்தர் (ஓய்வு):

ஆசிரியை அவர்களுக்கும் தம்பிக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் தோட்ட நிர்வாகத்தின் பக்கம் நின்று வேலை செய்தவன் என்பதால் என் எழுத்தை அந்த அளவுக்குக் கழித்தே வாசியுங்கள். தம்பி சொன்ன பிரட்டுக்களச் சம்பவம் போன்றவை நடந்தன. நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அதற்காக இன்றும் மனம் கூசுகிறது.

தொழிலாளர் குறைந்ததால் தேயிலை அழிந்ததா, தேயிலை அழிந்ததால் தொழிலாளர் குறைந்தார்களா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகின்றன என்பேன். எழுபதுகளில் அரசு தோட்டங்களைக் கையேற்றது; 1992இல் அவற்றின் முகாமைத்துவத்தைப் பிராந்திய கம்பனிகளிடம் கொடுத்தது. அப்போது அவற்றில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. ஆள் குறையும்போது முதலில் கெடுவது கொழுந்து எடுக்கும் வட்டம். ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு மலைக்குத் திரும்ப வரவேண்டியவர்கள் பத்து, பன்னிரண்டு நாளில் வந்தால் இலை முற்றிவிடும். முற்றிய இலையில் நல்ல தூள் வராது, ஏலத்தில் விலை விழும், விலை விழுந்தால் உரமும் வேலை நாளும் குறைக்கப்படும், வேலை நாள் குறைந்தால் இன்னும் நாலு பேர் பஸ் ஏறுவார்கள். இந்த நிலையில் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடிக்கு இறங்கியது.

மறுநடுகை செய்திருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகி இருக்காது. ஆனால் மறுநடுகை என்றால் பழைய செடிகளைப் பிடுங்கி, மண் தேறுவதற்கு மானாவோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு வளர்த்து, அதன்பின் கன்று நட்டு, கொழுந்து எடுக்க மேலும் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். குத்தகை 2045இல் முடியும் நிலத்தில் அந்தக் காசைப் புதைக்கக் கணக்குப் பார்க்கிறவர் தயங்குவார். என் கடைசி ஆண்டுகளில் நான் வேலை பார்த்த பணியக் கணக்கில் (தோட்டப் பிரிவில்) இரண்டு மலைகளைக் கைவிட்டோம். மூன்றாம் ஆண்டு அங்கே காட்டுப்பன்றி நின்றது. அதற்குப் பிறகு சிறுத்தை நடமாடியதால் பக்கத்து மலைக்கும் பெண்கள் போக மறுத்தார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

தமிழ்நாட்டின் நீலகிரியில் இருந்து எழுதுகிறேன்; என்றாலும் இந்த விவாதம் எனக்கு வெளியாள் விடயம் இல்லை. என் தாத்தா அக்கரப்பத்தனையில் பிறந்தவர். 1948இல் இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாக வகுத்துக்கொண்டார்கள். தோட்டங்களில் பட்டினி கிடந்த 1974இல் எங்கள் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்து சேர்ந்தது. 1971 குடிசன மதிப்பீட்டில் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்ததைப் படிக்கும்போதெல்லாம், அந்த வித்தியாசத்துக்குள் என் பாட்டி இடுப்பில் சுமந்து வந்த பித்தளைக் குடமும் இருக்கிறது என்று தோன்றும்.

தாயகம் திரும்பியோர் என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள்; ஊர்க்காரர்கள் சிலோன்காரர் என்றார்கள். வந்தவர்களில் பலருக்கு இங்கேயும் தேயிலை மலைதான் கிடைத்தது, வேலையோடு சேர்ந்த குடியிருப்பும்தான். எங்கள் தலைமுறை கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டது. அப்பா ஓய்வு பெற்றபோது, நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டில் எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியை எழுதியதைப் படித்தபோது கடலுக்கு இந்தப் பக்கமும் அதே அறை என்றுதான் நினைத்தேன்.

கிளிநொச்சிக்காரன்:

சுருக்கமாக எழுதுகிறேன். 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் என் குடும்பம் கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வடக்கே வன்னிக்கு வந்தது. காடு வெட்டினோம், கிணறு வெட்டினோம், போரில் எல்லாவற்றையும் இழந்தோம், 2009க்குப் பின் மறுபடி தொடங்கினோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைகள் சரிந்த பிறகு, மலையக மக்கள் வடக்குக்கு வரலாம் என்ற பேச்சு எழுந்தது. அழைக்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் அப்படி வந்த எங்களில் இன்றும் காணி உறுதி (நிலப் பத்திரம்) இல்லாமல், அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள் ஏராளம். உறுதிப்பத்திரம் கையில் இல்லாமல் இன்னோர் இடத்துக்குப் போவது, லயத்தை இன்னொரு மாவட்டத்தில் கட்டுவதாகத்தான் முடியும்.

கட்டுநாயக்கவிலிருந்து ஒரு மகள்:

இதுவரை எழுதிய எல்லோரும் இளைஞர் என்று எழுதும்போது ஆண்பிள்ளைகளை நினைத்தே எழுதுகிறீர்கள். ஆசிரியை எழுதியதில் அம்மாக்கள் இருக்கிறார்கள், மகள்கள் இல்லை.

என் அம்மா குவைத்துக்குப் போனபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அம்மம்மா வேலைக்குப் போகும்போது தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுப் போவார். பள்ளி விட்டு வந்து அவனைக் கூட்டி வருவது என் வேலை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறை வந்தது. பிள்ளைகளைக் காக்கும் நோக்கம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதனால் யாரும் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. பதிவில்லாமலும் முகவர் காட்டிய குறுக்கு வழியிலும் போனார்கள், அங்கே ஏதாவது நடந்தால் முறையிடவும் வழியில்லாமல் போனது.

நான் உயர்தரம் சித்தி பெற்றேன். ஓர் அரச பயிற்சி நெறிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, திகதி முடிந்த பிறகு என் கைக்கு வந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. அந்தக் கடிதம் நேரத்தோடு வந்திருந்தால் நான் இன்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வேலை செய்துகொண்டிருந்திருப்பேன் என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது ஏழு ஆண்டுகளாக ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறேன்; நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையும் ஏறத்தாழ நான் பிறந்த அறை அளவுதான்.

நோர்வூட் ஆசிரியை:

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகளை எழுதாமல் விட்டது என் தவறு. கடித விடயத்தில் என் மாணவர்களுக்குப் பாடசாலை முகவரியையே கொடுக்கச் சொல்லிவருகிறேன்; ஆனால் பள்ளியை விட்டுப் போன பிள்ளைக்கு அது எவ்வளவு காலம் உதவும்?

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் எங்கள் நோர்வூட் மைதானத்தில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். அதற்கு முன் அறிவித்த 4,000 வீடுகளில் சிலவற்றை எங்கள் பக்கத்திலும் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) நிலம், இரண்டு அறை, தனிக் கழிப்பறை, தனி வாசல். அங்கே குடியேறிய பிள்ளைகளிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன்: நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவரத் தொடங்கினார்கள். சிறிய விடயமாகத் தெரியலாம், லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் பஸ் ஏறுவது குறையவில்லை. ஏழு பேர்ச்சஸில் வீடு நிற்கும், வாழ்வாதாரம் நிற்காது.

லிந்துலை மரக்கறிக்காரர்:

அப்படியானால் எவ்வளவு நிலம் போதும் என்பதையும் பேசுங்கள். நான் லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டில் லீக்ஸும் கரட்டும் போடுகிறேன், பக்கத்தில் இன்னும் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். விலை நின்றால் ஒரு போகத்தில் கிடைப்பது, தோட்டத்தில் பல மாதம் பேர் விழுந்தாலும் கிடைக்காது. விலை விழுந்தால் உரக்கடைக் கடன் கழுத்தைப் பிடிக்கும். என் மூத்த மகன் கொழும்பில் இருந்து திரும்பி வந்து என்னோடு நிற்கிறான். அவன் வந்ததற்குக் காரணம் மண்பற்று என்று நான் பெருமை பேசமாட்டேன். தன் கணக்கைத் தானே பார்க்கலாம், யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டாம் என்பதுதான் காரணம். ஆனால் அந்தத் துண்டின் பேரில் வங்கியில் ஒரு ரூபாய் கடன் வாங்க முடியாது. நாளைக்கே நிர்வாகம் எடுத்துக்கொள்ள விரும்பினால் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு தாளும் இல்லை.

பசறை வெளிக்கள உத்தியோகத்தர் (ஓய்வு):

மரக்கறிக்கார அண்ணன் தொட்ட இடம்தான் முக்கியமானது. இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் தருகிறவர்கள் சிறுதோட்டச் சொந்தக்காரர்கள். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கங்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்களே அவர்களில் மிகுதி. நிலம் தன்னுடையது என்பதால் உரம் எப்போது, கவ்வாத்து எப்போது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள்; கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்து விலையை வாங்குகிறார்கள். சுமார் இருநூறு ஆண்டாகத் தோட்டத் தொழிலையே செய்துவந்த நம் மக்களுக்குத்தான் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தோட்டங்களில் இப்போது வெளியார் உற்பத்தி முறை என்று, ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் செடியைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். நல்ல செடி கிடைத்த குடும்பங்கள் நன்றாகச் செய்தன என்பதை என் கண்ணால் கண்டேன். இருந்தாலும் நிலம் அவர்களுடையதாகவில்லை. இதில் போகிறவர்களுக்குச் சேமலாப நிதி என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியையோடு ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். நிலம் கொடுத்தால் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். மேல்நாட்டு மலைகளில் பல இடத்தில் மேல்மண் கழுவுண்டு போய்விட்டது. செடி நட்டால் காசு வர ஐந்தாறு ஆண்டாகும், அதுவரை குடும்பத்தைக் காப்பாற்றக் கடன் வேண்டும். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்த மாதிரியான மண்சரிவுகளில் இருந்தும் பாதுகாப்பு வேண்டும். எந்தச் சரிவில் குடியிருக்கலாம், எதில் கூடாது என்பதைப் பார்க்காமல் உறுதி எழுதினால் அதுவும் ஆபத்துத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா, எல்லோரும் திரும்பவேண்டும் என்று யார் கேட்டார்கள்? நான் விவசாயம் செய்வேனா என்று எனக்கே தெரியாது. மன்னார்ப் பக்கத்து நண்பன் ஒருவன் என்னோடு கடையில் நிற்கிறான். அவனுடைய அப்பா காணியில் ஒரு துண்டை ஈடு வைத்துக் கொடுத்த காசில் அவன் அடுத்த ஆண்டு தன் ஊரில் சொந்தமாகக் கடை போடப் போகிறான். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம் வாங்குகிறவர்கள். எங்களுக்குள் உள்ள வித்தியாசம் அந்தத் துண்டு மட்டுமே.

கட்டுநாயக்கவிலிருந்து ஒரு மகள்:

நிலம் எழுதும்போது யாருடைய பெயரில் எழுதுவார்கள் என்பதையும் கேளுங்கள். நாற்பது ஆண்டு கொழுந்து எடுத்தது அம்மம்மா. எங்கள் வீட்டில் உறுதி என்று ஒன்று வந்தால் அதில் அவருடைய பெயர் இருக்கவேண்டும்.

நோர்வூட் ஆசிரியை:

இந்த விவாதத்தை நான் தொடங்கியதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. முதலில் எழுதத் தயங்கினேன். மேலே நான் சொன்ன அம்மாக்களில் என்னுடைய அம்மாவும் ஒருவர். நான் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எவ்வளவு அழைத்தும் அவர் லயத்தை விட்டு வர மறுக்கிறார். அப்பாவின் காரியம் நடந்த வாசல் அது. அதை விட்டுக்கொடுத்தால் இருநூறு ஆண்டுக் கணக்கில் நமக்கென்று மிஞ்சுவது எது என்று கேட்கிறார். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுவதால் பதிவிலிருந்து அவருடைய பேர் நின்றுவிடும். டுபாயில் வேலை செய்யும் என் தம்பி சென்ற வாரம் அழைத்து, தான் வந்து தோட்டத்தில் பேர் பதிந்தால் காம்பரா நிற்குமா என்று கேட்டான். மின்னியல் படித்தவன், அங்கே நல்ல இடத்தில் இருக்கிறான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐயா, நீங்கள் நிர்வாகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்: அவன் வராமல் அம்மாவை அங்கே இருக்கவைக்க வழி உண்டா?

பசறை வெளிக்கள உத்தியோகத்தர் (ஓய்வு):

மகள், ஓய்வு பெற்ற தொழிலாளி அதே காம்பராவில் தொடர்ந்து இருப்பது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். உடனே யாரும் வெளியே போடமாட்டார்கள். பிரச்சினை பின்னாளில், புதிய வீடோ நிலமோ பங்கிடும்போது பட்டியலில் பெயர் இல்லாமல் போவதில்தான் வரும். ஆகவே அம்மாவின் பேர் நிற்பதற்கு முன்பே கையில் எடுக்கவேண்டியவற்றை எடுத்துவிடுங்கள். அவர் எந்த ஆண்டில் இருந்து வேலை செய்தார் என்பதற்கு அலுவலகத்தில் எழுத்து மூலக் கடிதம், சேமலாப நிதிக் கூற்று, அந்த முகவரியோடு உள்ள வாக்காளர் இடாப்பின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள். மின்கட்டணச் சீட்டு அம்மாவின் பெயரில் இருந்தால் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். புதிய வீட்டுக்கான பதிவுக்கு அம்மாவின் பெயரிலேயே ஓர் எழுத்து மூல விண்ணப்பம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். என் காலத்தில் இவற்றைக் கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே. வந்தவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, தம்பியை வரச் சொல்லாதீர்கள். ஐயா சொன்ன பட்டியலை நான் என் அம்மாவுக்கும் இப்போதே அனுப்புகிறேன். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஊருக்குப் போய் அவரோடு அலுவலகத்துக்கு நானே போகிறேன்.